யாருக்கும் நேரக்கூடிய தவறு: ஆங்கிலத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளும் மரபுத்தொடர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்கு அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் கெடு நாளை 04/05 என்று எழுதி அனுப்பியிருந்தார். நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதிப் பழகிய நான் அதை மே 4 என்று எடுத்துக்கொண்டேன். மாதத்தை முன்னால் எழுதும் அவருடைய ஊர் வழக்கப்படி அது ஏப்ரல் 5. ஏப்ரல் 6 அன்று காலையில் கோப்பு எங்கே என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பதற்றத்தோடு நடந்ததை விளக்கி, கடைசியில் ‘இட் வாஸ் ஆன் ஈஸி மிஸ்டேக் டு மேக்’ என்று முடித்து மின்னஞ்சல் அனுப்பினேன். ‘நோட்டட்’ என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வந்தது. பக்கத்து மேசையில் இருந்த மூத்த அம்மா ஒருவர் இரண்டு மின்னஞ்சல்களையும் படித்துவிட்டு, “இதை நீ சொல்லக் கூடாதுப்பா, அவர் சொல்லணும்” என்றார்.

என் வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. தொடரின் பொருளும் சரிதான். அந்தத் தவறு உண்மையிலேயே எளிதில் நேரக்கூடியது. பிழை, அது யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதில் இருந்தது. மன்னிக்கத்தக்க தவறுகளைப் பற்றிய ஆங்கிலத் தொடர்களை அகராதியில் பொருள் பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான். ஆகவே இந்த வழிகாட்டி பொருளைக் காட்டிலும், யார், எப்போது, எந்தத் தவறுக்குச் சொல்வது என்பதையே படிப்படியாக எடுத்துக்கொள்கிறது.

முதற்படி: தவறை உங்கள் பெயரில் எழுதுங்கள்

தொடர்களுக்குப் போவதற்கு முன் வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழில் ‘டம்ளர் உடைந்துவிட்டது’, ‘கை தவறிவிட்டது’, ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று தன்வினையில் சொல்வது இயல்பு. உடைத்தவர் எதிரில் நின்றுகொண்டு ‘உடைந்துவிட்டது’ என்று சொன்னாலும் அவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்று நாம் நினைப்பதில்லை. அவர் முகத்தில் இருக்கும் வருத்தமே போதும். ‘தவறு நேர்ந்தமைக்கு வருந்துகிறோம்’ என்று நாளிதழ் அச்சிடும்போதும் அது கண்ணியமான வாசகமாகவே ஒலிக்கிறது.

அந்த வாசகத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ‘மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்று எழுதினால் கதை வேறாகிவிடும். செய்தவரைச் சொல்லாமல் விடும் இந்தச் செயப்பாட்டு வாக்கியத்துக்கு ஆங்கில அரசியலில் நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் யுலிசிஸ் கிராண்ட் 1876இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டறிக்கையில் தவறுகள் செய்யப்பட்டுள்ளன என்ற நடையில் எழுதினார். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றி ரொனால்டு ரேகன் 1987 ஜனவரியில் ஆற்றிய உரையிலும் அதே நடை வந்தது. இன்று அந்த மூன்று சொற்களைக் கேட்டாலே, யாரோ நழுவப் பார்க்கிறார் என்றுதான் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் புரிந்துகொள்வார்கள்.

எனவே முதல் வாக்கியம் ‘ஐ’ என்று தொடங்கட்டும். ‘ஐ மிஸ்ரெட் த டேட்’, ‘ஐ அட்டாச்ட் த ராங் ஃபைல்’, ‘ஐ ஷுட் ஹாவ் செக்ட்’ என்று எழுவாயோடு எழுதுங்கள். தமிழ்க் காதுக்கு இது தன்னைத் தானே அறைந்துகொள்வதுபோல் இருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் பொறுப்பை நீங்கள் முழுதாக எடுத்துக்கொண்டால்தான், ‘அட, பரவாயில்லை’ என்று சொல்ல எதிரில் இருப்பவருக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

இரண்டாம் படி: மூன்று வாய்களைப் பிரித்தறியுங்கள்

இந்தத் தொடர்களைப் பாதிக்கப்பட்டவர் சொல்பவை, தவறு செய்தவர் சொல்பவை, வெளியில் நின்று பார்ப்பவர் சொல்பவை என்று மூன்றாகப் பிரிக்கலாம்.

பாதிக்கப்பட்டவருக்கு உரியவைதான் மிகுதி. ‘ஈஸி மிஸ்டேக் டு மேக்’ என்றால் அந்த இடத்தில் யாரும் தடுமாறுவார்கள் என்று பொருள். ‘இட் குட் ஹாவ் ஹேப்பன்ட் டு எனிஒன்’ என்றால் யாருக்கும் நேர்ந்திருக்கலாம். ‘இட் ஹேப்பன்ஸ் டு த பெஸ்ட் ஆஃப் அஸ்’ என்றால் நம்மில் தேர்ந்தவர்களுக்கே இது நேர்கிறது என்பது கருத்து. ‘வீவ் ஆல் பீன் தேர்’ என்பது ‘நாங்களும் பட்டதுதான்’ என்று பக்கத்தில் வந்து உட்காரும் தொடர். ‘டோன்ட் பீட் யுவர்செல்ஃப் அப்’ என்பது உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள் என்பது. ‘திங்க் நத்திங் ஆஃப் இட்’ சற்றுப் பழைய மரியாதை நடை. ‘நோ வொரீஸ்’ ஆஸ்திரேலியாவில் வேரூன்றி இப்போது எல்லா நாடுகளிலும் கேட்கும் தளர்ந்த நடை.

இவற்றில் எதையும் தவறு செய்தவர் தன்னைப் பற்றிச் சொல்லக் கூடாது. ‘ஹேப்பன்ஸ் டு த பெஸ்ட் ஆஃப் அஸ்’ என்று செய்தவரே சொன்னால், தன்னைத் தேர்ந்தவர்கள் வரிசையில் சேர்த்துக்கொள்வதோடு மன்னிப்பையும் தானே வழங்கிக்கொண்டதாகிறது.

தவறு செய்தவர் கையாளத்தக்கவை குறைவு. ‘மை மிஸ்டேக்’ எங்கும் செல்லும். ‘மை பேட்’ நண்பர்களுக்குள் மட்டும் சரி. கூடைப்பந்துத் திடலில் பரவிய அந்தத் தொடரை மேலதிகாரிக்கு எழுதுவது, ஓடிவந்து மூச்சுவாங்க நின்று தோளைக் குலுக்குவதற்குச் சமம். அலுவலகக் கடிதத்தில் ‘ஆன் ஓவர்சைட் ஆன் மை பார்ட்’ என்பது நன்றாகப் பொருந்தும். ‘ஓவர்சைட்’ என்ற சொல்லுக்கு மேற்பார்வை என்றும் கவனத்தில் தப்பிப்போனது என்றும் நேரெதிரான இரு பொருள்கள் இருப்பதால், அதற்கு முன் வரும் ‘ஆன்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் இரண்டாம் பொருள் தெளிவாகும்.

வெளியாளின் தொடர்களில் மிகவும் பயனுள்ளது ‘யூட் பி ஃபர்கிவன் ஃபார் திங்கிங்’ என்பது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அப்படி நினைத்ததற்காக நீங்கள் மன்னிக்கப்படுவீர்கள்’ என்று ஏதோ தேவாலயத்து வாசகம்போல் தோன்றும். உண்மையில் அங்கே யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. உங்கள் எண்ணம் தவறு, ஆனால் தோற்றம் அப்படி நினைக்க வைக்கிறது என்பதுதான் அதன் பொருள். எடுத்துக்காட்டாக, 1569இல் மெர்கேட்டர் என்ற நிலப்பட வரைஞர் வரைந்த முறையில் அமைந்த உலகப்படத்தைச் சுவரில் பார்த்து வளர்ந்தவர் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவு என்று நினைத்தால், ‘யூட் பி ஃபர்கிவன் ஃபார் திங்கிங்’ என்று தொடங்கி அவரைத் திருத்தலாம். ஆப்பிரிக்கா உண்மையில் சுமார் 14 மடங்கு பெரியது. கட்டுரையிலும் விளக்கக் குறிப்பிலும் வாசகரின் தவறான எண்ணத்தை அவரைப் புண்படுத்தாமல் திருத்துவதற்கு இதைவிட வாகான தொடர் ஆங்கிலத்தில் இல்லை என்பது என் கருத்து.

மூன்றாம் படி: தவறு எந்த வழியாக வந்தது என்று பாருங்கள்

பொறுத்துக்கொள்ளத்தக்க தவறுகள் எல்லாம் ஒரே காரணத்தால் நேர்வதில்லை. ஆங்கிலம் காரணத்துக்கு ஏற்பத் தனித்தனித் தொடர் வைத்திருக்கிறது. மாற்றிச் சொன்னால் பொருள் கெடும்.

நோக்கம் நல்லது, விளைவு மட்டும் தவறியது என்றால் ‘ஆன் ஆனஸ்ட் மிஸ்டேக்’. நாம் பேச்சில் ‘ஹானஸ்ட்’ என்று அழுத்திச் சொன்னாலும் ஆங்கிலத்தில் அந்த முதல் எழுத்து ஒலிப்பதில்லை. அதனால்தான் அதற்கு முன் ‘எ’ வராமல் ‘ஆன்’ வருகிறது. இத்தொடர் தவறின் அளவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. ஆகவே அப்படியொரு ஐயம் எழக்கூடிய இடத்தில்தான், அதாவது பணம், கணக்கு, கையொப்பம், தேர்வுத்தாள் போன்றவற்றில்தான், இது பொருந்தும். ஒரு எழுத்துப்பிழைக்குப் போய் ‘இட் வாஸ் ஆன் ஆனஸ்ட் மிஸ்டேக்’ என்று எழுதினால், யாரும் கேட்காதபோதே ‘நான் திருடவில்லை’ என்று சொன்னதுபோல் ஆகும்.

நாக்கு பிறழ்ந்தால் ‘எ ஸ்லிப் ஆஃப் த டங்’. எழுதும்போது கை பிறழ்ந்தால் ‘எ ஸ்லிப் ஆஃப் த பென்’. இரண்டும் ‘லாப்சுஸ் லிங்குவே’, ‘லாப்சுஸ் கலாமி’ என்ற லத்தீன் தொடர்களுக்கு நேரானவை. நாம் ‘டங் ஸ்லிப் ஆயிடுச்சு’ என்று தினமும் சொல்கிறோம். தமிழ்ப் பேச்சில் அது நிலைபெற்றுவிட்ட வழக்கு, அதில் குறை காண எனக்கு விருப்பமில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ‘ஸ்லிப் ஆஃப் த டங்’ என்ற வரிசையை மாற்றாதீர்கள். இதன் அருகிலேயே ‘ஃபிராய்டியன் ஸ்லிப்’ என்று ஒன்று காத்திருக்கிறது. வாய்தவறி வரும் சொல்லில் அடிமனத்தின் ஆசை வெளிப்படுகிறது என்று உளப்பகுப்பாய்வாளர் சிக்மண்ட் ஃபிராய்ட் 1901இல் விளக்கியதிலிருந்து வந்தது அது. ஒருவரைப் பொறுத்துக்கொள்ள நினைத்து அதைச் சொன்னால், ‘உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது’ என்று குற்றம்சாட்டியதாகிவிடும்.

இருவரும் வேறு வேறாகப் புரிந்துகொண்டதால் நேர்ந்தது என்றால் ‘வீ காட் அவர் வயர்ஸ் க்ராஸ்ட்’. தொலைபேசிக் கம்பிகள் பின்னிக்கொண்டு யாரோ பேசுவது யாருக்கோ கேட்ட காலத்தின் நினைவு இதில் இருக்கிறது. பழியை நடுவில் வைத்துவிடும் தொடர் என்பதால், தவறில் இருவருக்கும் உண்மையிலேயே பங்கிருக்கும்போது மட்டும் சொல்லுங்கள்.

புதிதாகத் தொடங்கிய ஒன்று தடுமாறினால் ‘டீத்திங் ட்ரபுள்ஸ்’. குழந்தைக்குப் பல் முளைக்கும்போது வரும் ஈறு வலியும் சிணுங்கலும்போல, புதிய மென்பொருள், புதிய பேருந்துத் தடம், புதிய அலுவலகம் ஆகியவற்றின் ஆரம்பக் கோளாறுகளுக்கு இது வழங்குகிறது. மனிதருக்கு இதைச் சொல்வதில்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரைப் பற்றி ‘ஹீ இஸ் ஸ்டில் லேர்னிங் த ரோப்ஸ்’ என்பார்கள். கப்பலில் எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று மாலுமி கற்றுக்கொள்வதிலிருந்து வந்ததாக இதற்கு விளக்கம் சொல்வார்கள்.

கடைசியாக, தேர்ந்தவரே தவறினால் ‘ஈவன் ஹோமர் நாட்ஸ்’. ஹோமர், இலியத் என்னும் பழங்கிரேக்கக் காவியத்தைப் பாடியவர். ‘நாட்’ என்பது இங்கே தலையசைப்பது அல்ல, உட்கார்ந்தபடியே தூங்கி விழுவது. நல்ல ஹோமரும் சில வேளை கண்ணயர்ந்துவிடுகிறான் என்று ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் கவிதைக் கலை பற்றிய தம் செய்யுளில் எழுதினார். ஹோமர் கண்ணயர்ந்த இடம் என்று வாசகர்கள் காட்டும் ஒன்று சுவையானது. இலியத்தின் 5ஆம் காண்டத்தில் பைலமெனிஸ் என்ற அரசன் மெனெலாவுஸின் ஈட்டிக்கு இரையாகிறான். 13ஆம் காண்டத்தில் அதே பெயருடைய அரசன், கொல்லப்பட்ட தன் மகனின் உடலுக்குப் பின்னால் அழுதுகொண்டு நடக்கிறான். நம் ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ இதற்கு அப்படியே பொருந்தும். அரிய நூல்களைக் கற்றுக் குற்றம் நீங்கியவரிடத்தும் ஆராய்ந்து பார்த்தால் அறியாமை இல்லாதிருப்பது அரிது என்னும் 503ஆம் குறளும் இதையே சொல்கிறது. ஹோமர் தொடர் படித்தவர்களின் எழுத்தில்தான் வரும். பேச்சில் சொன்னால் சற்று மேதாவித்தனமாக ஒலிக்கும். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் படி: இழப்பை அளந்துவிட்டுப் பேசுங்கள்

‘நோ ஹார்ம் டன்’ என்பது உண்மையில் எந்தக் கேடும் நேராதபோது சொல்வது. தவறான அறைக்குள் நுழைந்துவிட்டு வெளியேறும் ஒருவருக்குச் சொல்லலாம். உங்கள் கோப்பை அழித்துவிட்டவருக்குச் சொன்னால் அது ஒன்று பொய், அல்லது கிண்டல். ‘நோ ஹார்ம், நோ ஃபவுல்’ அதன் விளையாட்டுத் திடல் வடிவம்.

இழப்பு நேர்ந்து, இனி மீட்க முடியாது என்றால் ‘நோ யூஸ் க்ரையிங் ஓவர் ஸ்பில்ட் மில்க்’. கொட்டிய பாலுக்கு அழுவதில்லை என்னும் இப்பழமொழி 1659இலேயே ஜேம்ஸ் ஹவலின் பழமொழித் தொகுப்பில் இடம்பெற்றுவிட்டது. பாலின் சொந்தக்காரர் இதைச் சொன்னால் அது பெருந்தன்மை. கொட்டியவர் சொன்னால் என்ன ஆகும் என்பதை எந்த வீட்டுச் சமையலறையிலும் சோதித்துப் பார்க்கலாம்.

நாள்பட்ட மனக்கசப்புக்கு ‘வாட்டர் அண்டர் த பிரிட்ஜ்’. நேற்று நடந்ததற்கு அதைச் சொல்ல முடியாது, ஆறு ஓடுவதற்குக் கொஞ்சம் காலம் வேண்டும். பழைய கணக்கை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதற்கு ‘வைப் த ஸ்லேட் கிளீன்’. கடனைக் கற்பலகையில் எழுதிவைத்த மதுக்கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் பிறந்த தொடர் அது.

தவறா, வேண்டுமென்றே செய்ததா என்று தெரியாத நிலைக்கு ‘கிவ் த பெனிஃபிட் ஆஃப் த டவுட்’. ‘சந்தேகத்தின் பலன்’ என்று நீதிமன்றச் செய்திகளிலும், மட்டையாளருக்குச் சாதகமாக நடுவர் தீர்ப்பளிக்கும்போது கிரிக்கெட் வர்ணனையிலும் கேட்டுப் பழகியதுதான். தெரிந்த தவறுக்கு இது பொருந்தாது. தவறு உறுதியாகிவிட்டாலும் சூழ்நிலையைக் கருதி விட்டுக்கொடுக்கச் சொல்வதானால் ‘கட் ஹிம் சம் ஸ்லாக்’, அதாவது கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திப் பிடியுங்கள், என்பதே சரி.

ஐந்தாம் படி: தமிழ் வழியாக வரும் பிழைகளைக் களையுங்கள்

‘தவறு செய்தேன்’ என்று நினைத்துக்கொண்டே எழுதுவதால் ‘ஐ டிட் எ மிஸ்டேக்’ என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் தவறைச் செய்வதற்கு ‘மேக்’ தான் வினை. ‘ஈஸி மிஸ்டேக் டு மேக்’ என்ற தொடரை மனத்தில் வைத்திருந்தால் இது மறக்காது. ‘என் தரப்பில்’ என்பதை ‘ஃப்ரம் மை சைடு’ என்று பெயர்ப்பதும் அப்படியே. ‘ஆன் மை பார்ட்’ என்று எழுதுங்கள். ‘தீஸ் திங்ஸ் ஹேப்பன்’ என்பதை நிகழ்காலத்திலேயே விடுங்கள். உலகத்தில் இப்படியெல்லாம் நடப்பதுதான் என்ற ஆறுதல் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது; ‘ஹேப்பன்ட்’ என்று மாற்றினால் வெறும் தகவலாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பிழை ‘டோன்ட் மிஸ்டேக் மீ’. ‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்ற இனிமையான வேண்டுகோளின் நேர்ப்பெயர்ப்பு அது. ஆங்கிலக் காதுக்கு ‘என்னை வேறு யாரோ என்று எண்ணிவிடாதீர்கள்’ என்பதுபோல் ஒலிக்கும். ‘டோன்ட் கெட் மீ ராங்’ என்பதே நாம் சொல்ல நினைப்பது.

‘பரவாயில்லை’ என்னும் சொல் பாரசீக, உருதுச் சொல்லான ‘பர்வா’விலிருந்து தமிழுக்கு வந்து, தவறைப் பொறுப்பதற்கும் சுமாராக இருக்கிறது என்பதற்கும் ஒருசேர உழைக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லை இரண்டுக்கும் அனுப்ப முடியாது. தவறைப் பொறுக்க ‘நெவர் மைண்ட்’ அல்லது ‘தட்ஸ் ஆல் ரைட்’. சுமார் என்பதற்கு ‘நாட் பேட்’.

ஆறாம் படி: உள்ளே முள் இருக்கும் தொடர்களில் கை வைக்காதீர்கள்

‘ஹீ மென்ட் வெல்’, ‘ஹிஸ் ஹார்ட் வாஸ் இன் த ரைட் பிளேஸ்’ ஆகியவை நல்லெண்ணத்தைப் பாராட்டுவதுபோல் தொடங்கி, காரியம் குட்டிச்சுவரானது என்று சொல்லாமல் சொல்லி முடிகின்றன. ஆளில்லாத இடத்தில் அவரைப் பற்றிச் சொல்லலாம். அவரிடமே சொன்னால் புண்படுவார். அமெரிக்கத் தென் மாநிலங்களில் ‘பிளெஸ் ஹர் ஹார்ட்’ என்று கேட்டால் குரலைக் கவனியுங்கள். உண்மையான பரிவாகவும் இருக்கலாம், ‘பாவம், மண்டையில் ஒன்றும் இல்லை’ என்பதாகவும் இருக்கலாம். அங்கே வளராதவர்கள் அதைக் கேட்டுக்கொள்ளலாம், சொல்ல முயல வேண்டாம்.

‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்பதை மன்னிக்கும் தொடர் என்று எண்ணுபவர்கள் பலர். 1801இல் கோபன்ஹேகன் கடற்போரில் பின்வாங்கச் சொன்ன கொடியை ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் தம் பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்துப் பார்த்து, தெரியவில்லை என்றதாக ஒரு கதை உண்டு. தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதைத்தான் இத்தொடர் குறிக்கிறது. ‘உங்கள் தவறுக்குக் கண்ணை மூடிக்கொண்டேன்’ என்று ஒருவருக்கு எழுதினால் அவர் செய்தது ஊழல், நீங்கள் அதற்கு உடந்தை என்று சொன்னதுபோல் ஆகும்.

ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் 1711இல் எழுதிய ‘டு எர் இஸ் ஹ்யூமன், டு ஃபர்கிவ், டிவைன்’ (தவறுவது மனித இயல்பு, மன்னிப்பது தெய்வ இயல்பு) என்ற வரியின் முன்பாதியை மட்டும் தவறு செய்தவர்கள் எடுத்துக்காட்டுவது வழக்கம். பின்பாதி கேட்பவரைத் தெய்வமாக நடந்துகொள்ளச் சொல்கிறது என்பதை எதிரில் இருப்பவர் மறப்பதில்லை.

ஏழாம் படி: மன்னிப்புக் கிடைத்தபின் அங்கேயே நிறுத்துங்கள்

ஒருவர் ‘ஈஸி மிஸ்டேக் டு மேக்’ என்று சொல்லிவிட்டால், நாம் வழக்கமாக இன்னும் மூன்று முறை ‘சாரி’ சொல்வோம். ஆங்கிலத்தில் அது அவருடைய வார்த்தையை நம்பாததுபோல் ஆகி, மீண்டும் ஆறுதல் சொல்லும் வேலையை அவர் தலையில் கட்டும். ‘தேங்க்யூ ஃபார் பீயிங் சோ அண்டர்ஸ்டாண்டிங்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்புவதே அங்கே நாகரிகம்.

அந்த ஏப்ரல் 6 அன்று மூத்த அம்மாவின் சொற்படி இரண்டாவது மின்னஞ்சல் எழுதினேன். தேதியின் முதல் எண்ணை நாள் என்று படித்துவிட்டேன், கேட்டு உறுதி செய்திருக்க வேண்டும், வருந்துகிறேன், நாளை மாலைக்குள் கோப்பு வரும் என்று நான்கே வாக்கியங்கள். நான்கிலும் எழுவாய் இருந்தது, மரபுத்தொடர் எதுவும் இல்லை. அரைமணி நேரத்தில் பதில் வந்தது: ‘ஈஸி மிஸ்டேக் டு மேக். ஐ ஷுட் ஹாவ் ஸ்பெல்ட் அவுட் த மன்த்.’ மறுநாள் கோப்பை அனுப்பியபோது, எழுதிய தேதியை ‘7 ஏப்ரல்’ என்று மாதத்தை எழுத்தில் போட்டு அனுப்பினேன்.